பிஜித் தீவுக்கு ஒரு பிடி மண்

அகரத்தில் மல்லிகைக் காடு வைத்திருந்தவர்கள் பலர். ஆனால் பேச்சாயியின் கூடை திண்டுக்கல் கடைவீதியில் இறங்கினால் வியாபாரிகள் மற்றக் கூடைகளை விட்டு எழுந்து வருவார்கள். அவள் மொட்டுப் பறிக்கிற விதம் அப்படி. காம்பில் நகம் படாது. விரல் நுனியால் ஒரு திருகு, மொட்டு கைக்குள் வந்துவிடும். நகம் பட்ட மல்லி மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும். கூலிக்கு வரும் பெண்கள் யாராவது கிள்ளிப் பறித்தால், மறுநாள் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாள். வாய்க்கும் பஞ்சமில்லை. "மொட்டைப் பறிக்கச் சொன்னா கோழி கொத்துற மாதிரிக் கொத்துறியே, யாத்தே" என்பாள்.

அந்தக் காட்டை முதலில் வைத்தவள் அவள் ஆத்தா அய்யம்மாள். கிணற்றடியில் நாலு வரிசையில் தொடங்கி, புளியமரம் வரைக்கும் கொண்டுபோனவள். முப்பது வருசத்துக்கு மேல் விடியுமுன் அந்தக் காட்டில் நின்றாள், ஒரு மொட்டைத் தலையில் வைத்ததில்லை. வைக்க முடியாது. தாலி அறுத்தவள். வெள்ளைச் சீலையும் வெறுங்கழுத்துமாகப் பூவுக்கு நடுவில் நின்றே கிழவியாகி, சுதந்திரம் வந்த மறு வருசம் செத்தாள். பாடையில் கிடந்தபோதும் அவளுக்குப் பூ வைக்கவில்லை. அன்றைக்குப் பேச்சாயி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரிந்த கதை இதுதான். அவள் கைப்பிள்ளையாக இருந்தபோது, அப்பன் சோலைமுத்து செம்பட்டிச் சந்தைக்குக் காளை விற்கப் போனான். காளை விற்றது. ஆள் திரும்பவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டோடு திண்டுக்கல் ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பிஜித் தீவுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்பது பிறகு தெரிந்தது. அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

தூரம் போனவன் சேதி இல்லாமல் பன்னிரண்டு வருசம் கழிந்தால், அவனைச் செத்தவனாக எண்ணிக் காரியம் செய்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோரைப்புல்லில் ஆள் உருவம் கட்டி, குடகனாற்றங்கரைச் சுடுகாட்டில் வைத்துக் கொள்ளி போடுவார்கள். சோலைமுத்துவுக்கு அந்தப் பன்னிரண்டு வருசத்தையும் கொடுக்கவில்லை. பேச்சாயிக்கு எட்டு வயதாக இருக்கும்போதே புல்லைக் கட்டி எரித்துவிட்டார்கள். கொள்ளி போட்டது அவனுடைய தம்பி ஒச்சப்பன். அடுத்த தையில் ஒச்சப்பனுக்குக் கல்யாணம். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அண்ணனை வைத்துக்கொண்டு தம்பிக்கு மணவறை போட முடியாது, அதற்காகத்தான் அவசர அவசரமாக அய்யம்மாளின் தாலியை இறக்கினார்கள் என்று ஊர் பேசியது. பேச்சாயியும் அதை நம்பினாள். சித்தப்பன் வீட்டில் அவள் அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருசம் தைப்பூசம் கழிந்த சமயம். மல்லிக்குக் கவாத்து வெட்டுகிற காலம் அது. பேச்சாயி கவாத்துக் கத்தியும் கையுமாக நின்றாள். கால்சட்டை போட்ட ஒருவர் வரப்பில் தட்டுத் தடுமாறி வந்தார்.

"இங்க சோலைமுத்து நிலம் எதுங்க?"

"எந்தச் சோலைமுத்து?"

"பேச்சாயி மகன் சோலைமுத்து. கெணத்துக்குக் கிழக்க ஒத்தைப் புளியமரம்னு அடையாளம் சொல்லிவிட்டாரு."

பேச்சாயி கத்தியை நிறுத்தினாள். "யாரு சொல்லிவிட்டது?"

"அவருதான். எங்க மாமனாரு."

அவர் பெயர் சடையாண்டி. பிஜியிலேயே பிறந்தவர். அங்கே முருகனுக்குக் கோயில் கட்டுகிறார்கள், அதற்கு ஐம்பொன் சிலை செய்ய ஏற்பாடு பண்ணப் பழனிக்கு வந்திருந்தார். சட்டையும் சப்பாத்தும் சீமைக்காரர் மாதிரி இருந்தன. பேச்சு மட்டும் அகரத்தில் செத்துப்போன கிழவர்களின் பேச்சாக இருந்தது. மாமனாரிடம் கற்றுக்கொண்ட தமிழ்.

"அவரைத்தான் எரிச்சாச்சே" என்றாள் பேச்சாயி.

"இல்லீங்களே. நான் கப்பலேறுறப்ப நல்லாத்தான இருந்தாரு. கண்ணுதான் செத்த மங்கல். மத்தபடி மரவள்ளிக்கெழங்கை அவரே தோண்டி எடுத்து அவிச்சுத் தின்னுவாரு." சடையாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தார். "தன்னோட நெலத்து மண்ணு ஒரு பிடி வேணும்னாரு. கண்ணை மூடுறப்ப நெத்தியில வச்சு அனுப்பணுமாம்."

"மண்ணு கேட்டாரு. சரி. மனுசரைக் கேட்டாரா?"

சடையாண்டிக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "ஊர்ல யாரும் இல்லேன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காரு. நீங்க?"

"நானா? யாருமில்லாதவ." கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "உங்க சம்சாரம் பேரு என்ன?"

"பேச்சாயி. அவங்க அப்பத்தா பேரு. மூத்த பொண்ணுக்கு அப்பத்தா பேரை வைக்கிறது உங்க பக்கத்து வழக்கம்னு சொல்வாரு."

"மூத்த பொண்ணுக்கா?"

"ஆமாங்க."

பேச்சாயி கத்தியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் எதையாவது வெட்டிவிடுவோம் என்று பட்டது. "அந்தப் பேரை அவரு எனக்கு வச்சுட்டுத்தான்யா சந்தைக்குப் போனாரு."

சடையாண்டி விரல் மடக்கி உறவைக் கணக்குப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப நீங்க எனக்கு மதினி முறையாகுது" என்றார்.

"முறையெல்லாம் அங்கயே வச்சுக்கங்க. இங்க ஒருத்தி கழுத்துல கெடந்ததைக் கழட்ட வச்சுட்டு, அங்க ஒருத்திக்குப் பூ வாங்கிக் குடுத்திருக்காரு." அவள் அந்தத் துணிப்பையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். "மண்ணு உங்ககிட்டக் குடுக்க மாட்டேன். நானே கொண்டுவாரேன்."

கோபத்தில் சொல்கிறாள் என்று சடையாண்டி நினைத்தார். அவள் புருசன் மலைச்சாமியும் அப்படித்தான் நினைத்தான். ராத்திரி சோறு தின்று எழுவதற்குள் தணிந்துவிடும் என்று எதிர்பார்த்தான். அவன் சாதுவான ஆள். பூக்கூடையை வண்டியில் ஏற்றித் திண்டுக்கல்லில் இறக்குவதும், அவள் ஏசுவதைக் கேட்டுக்கொள்வதும் அவன் தொழில். ஒரு வாரம் கழித்து அவள் பம்புசெட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோதுதான் அவனுக்கு விசயம் புரிந்தது. ஊரெல்லாம் கமலை போய்க் கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம். அவர்கள் கிணற்றில்தான் இன்னும் மாடு இறைத்தது.

"தண்ணிக்குச் சேத்ததைத் தண்ணியிலயே விடப்போறியாக்கும்" என்றான்.

"ஆமா. மாடு இன்னும் ரெண்டு வருசம் இறைக்கும். அந்த ஆளு ரெண்டு வருசம் இருப்பாரா?"

"போயி என்ன பண்ணப்போறே?"

அவள் உறியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே அய்யம்மாளின் தாலிப்பொட்டு. பஞ்சம் வந்த வருசங்களிலும் அய்யம்மாள் அதை விற்கவில்லை, உருக்கவில்லை. "இதை அந்த ஆளு கையில வைப்பேன். வச்சு, இதைக் கழட்டுனதுலேருந்து எங்காத்தா எப்படி இருந்தான்னு ஒக்காந்து கேக்கச் சொல்லுவேன். கேட்டு முடிச்சாத்தான் மண்ணு."

மலைச்சாமி பணப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கப்பலைப் பற்றி அகரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கப்பல் தெரிந்த ஆள் திண்டுக்கல் பேகம்பூரில் இருந்தாள். ஜெய்தூன் பீவி. வெள்ளிக்கிழமை தோறும் பேச்சாயியிடம் பூ வாங்குகிறவள். ரங்கூனில் பதினைந்து வருசம் குடும்பம் நடத்திவிட்டு, குண்டு விழுந்தபோது காடு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவள். கடலைப் பற்றியும் சர்க்கார் ஆபீசுகளைப் பற்றியும் அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது.

"ரெண்டும் வயித்தைக் கலக்கும்" என்றாள். "முதல்ல பாஸ்போர்ட்டு. அது மெட்ராசுல. அப்புறம் அந்தத் தீவுல உன்னைப் பாத்துக்க ஒரு ஆளு இருக்குன்னு அங்கேருந்து தாளு வரணும். அப்புறம் பம்பாய்ல கப்பல். ஆஸ்திரேலியாவுல எறங்கி வேற கப்பல் மாறணும்னு உன் கொழுந்தன்காரரு சொல்றாரே, நெசமா?"

"கொழுந்தன் கிழுந்தன்னு சொல்லாத, பீவி."

"சரி, உன் சிலைக்காரரு. ஏ பேச்சாயி, ஒண்ணு சொல்றேன் கேளு. கப்பல்ல முத வாரம் எதையும் தின்னாத. உப்புப் போட்ட நார்த்தங்காயை வாயில ஒதுக்கிக்க. கோபத்தையும் செத்த ஒதுக்கி வையி. கோபமா இருந்தா வாந்தி ரெண்டு மடங்கு வரும்."

"கோபம் இல்லாட்டி நான் எதுக்குக் கப்பலேறுறேன்?"

ஜெய்தூன் பீவி சிரித்தாள். ஆனால் விண்ணப்பத்தைத் தன் மருமகனிடம் கொடுத்துப் பூர்த்தி செய்ய வைத்தாள். தகரப்பெட்டி வாங்க அவளே கூட வந்தாள். பூட்டு மட்டும் போதாது, பெட்டிக்குக் கயிறும் வேண்டும், கயிறு போட்ட பெட்டியைத் திருடன் கடைசியாகத்தான் தொடுவான் என்றாள். பேச்சாயி சேலைக்குள் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்தபோது இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். பிஜியிலிருந்து வரவேண்டிய தாளைச் சடையாண்டி எழுதி வரவழைத்தார். சிலை வேலை முடிய ஐப்பசி ஆகும், அவரோடு சேர்ந்தே போய்விடலாம் என்று ஏற்பாடு.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் விசாரணைக்குப் போலீஸ் ரைட்டர் அகரத்துக்கு வந்தார். கிராம முன்சீப் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேச்சாயி எதிரில் நின்றாள்.

"எதுக்குப் போறீங்க?"

"எங்க அய்யாவைப் பாக்க."

ரைட்டர் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் தொண்டையைச் செருமினார். "சோலைமுத்து காலமாகி ரொம்ப வருசம் ஆச்சுங்க. ஊரே கூடித்தான் காரியம் பண்ணுச்சு. நெலமும் அப்பவே இந்தம்மா ஆத்தா பேருக்கு மாறிப்போச்சு."

"செத்தவரைப் பாக்கிறதுக்கு எந்த ஊருல பாஸ்போர்ட்டு குடுப்பாங்க?" என்றார் ரைட்டர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"செத்தது புல்லுய்யா" என்றாள் பேச்சாயி. "ஆளு பிஜில இருக்காரு."

"அப்ப அவரோட ரத்த சம்பந்தம் யாராவது ஒரு ஆம்பளை வந்து, உசுரோட இருக்காருன்னு சொல்லட்டும். எழுதிக்கறேன். அடுத்த வாரம் வர்றேன்."

ரத்த சம்பந்தம் என்று மிஞ்சியிருந்த ஆம்பளை ஒருவர்தான். ஒச்சப்பன். ஆள் மூலம் கேட்டனுப்பினாள். வர முடியாது என்று பதில் வந்தது. கொள்ளி வைத்த கையோடு போய், உசுரோட இருக்கான் என்று எப்படிச் சொல்வது, தன் பேரன் பேத்திகளுக்கு ஆகாது என்றாராம்.

அதைக் கேட்டதும் பேச்சாயிக்குக் கண் இருட்டியது. அப்போதே கிளம்பி, அவர் கடலை பறித்துக்கொண்டிருந்த கொல்லைக்குப் போனாள். கூலியாட்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"சித்தப்பா, உங்க கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊணணும்னு எங்காத்தா தாலியை எறக்குனீங்க. உசுரோட இருந்தவரைப் பொசுக்குனீங்க. அது பேரன் பேத்திக்கு ஆகும். இருக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா மட்டும் ஆகாதோ?"

ஒச்சப்பன் கையிலிருந்த கடலைக் கொத்தை உதறினார். மண் தெறித்தது. "ஏத்தா, மெதுவா."

"மெதுவா எதுக்கு? எங்காத்தா மெதுவாத்தான் இருந்தா. என்ன கண்டா?"

அவர் கூலியாட்களைப் பார்த்து, "போயி கஞ்சி குடிங்க" என்றார். அவர்கள் வேம்படிக்கு நகர்ந்த பிறகு வரப்பில் உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"உங்காத்தாகிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவ போயிட்டா. சத்தியமும் போகட்டும்." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "பிஜியில இருந்து ஒப்பந்தம் முடிஞ்சு ஒருத்தன் தாடிக்கொம்புக்குத் திரும்பி வந்தான். உங்காத்தா நடந்தே போயி அவனைப் பாத்தா. அண்ணன் நல்லாருக்காரு, அங்க ஒரு பொம்பளையோட இருக்காரு, வரமாட்டாருன்னு அவன் சொல்லிட்டான். நேரா எங்கிட்டத்தான் வந்தா. 'ஒச்சு, உங்கண்ணனுக்குக் கொள்ளி போடு'ன்னா."

"நீங்களும் போட்டுட்டீங்க" என்றாள் பேச்சாயி.

"நான் மாட்டேன்னேன். கேக்கல. 'இவரு அங்க குடும்பம் நடத்துறாருன்னு ஊருக்குத் தெரிஞ்சா நான் வாழாவெட்டி. வாழாவெட்டி மகளை எவன் கட்டுவான்? ஆத்தாவைப் போலத்தான மகளும்னு பேசுவான். அறுத்தவ மகள்னா அந்தப் பேச்சு வராது. பாவம்னு நெனச்சாவது கட்டுவான்'னா. உனக்கு அப்ப எட்டு வயசு. எனக்கும் கல்யாணம் ஆகணும்னு இருந்துச்சு, இல்லேங்கல. அதையே சாக்கா வச்சுச் செஞ்சோம். ஊரு என்னை ஏசட்டும்னு விட்டுட்டேன். நீயும் ஏசுனே."

"தாலியை எறக்குனது?"

"அறுக்க வந்த கெழவிகளைக் கிட்டவே விடல. அவளே கழட்டுனா. உருக்கிரலாமா மதினின்னு கேட்டேன். 'கழட்டுனது நான். அது என்ன ஆகணும்னு நான் சொல்றேன்'னா. கடைசி வரைக்கும் சொல்லல."

வேம்படியில் யாரோ சிரித்தார்கள். கஞ்சிப் பானை மூடி விழுந்து உருண்டது.

பேச்சாயிக்குக் கோபம் தணியவில்லை. போகிற இடம்தான் மாறியது. ஆற்றங்கரையில் ஆத்தா தலைவிரித்து அழுதது அவளுக்கு நினைவிருந்தது. அத்தனையும் தெரிந்துகொண்டே அழுதிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்காக, இருந்த புருசனைக் கொன்று, தன்னையும் அதோடு சேர்த்து முடித்துக்கொண்டு, அப்புறம் அத்தனை வருசம் பூப்பறித்திருக்கிறாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆத்தா மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. செத்தவளிடம் போய் என்ன சண்டை போடுவது? இத்தனைக்கும் காரணமான ஆள் ஒருவர், கடலுக்கு அப்பால், மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றுகொண்டு, ஊரில் யாருமில்லை என்று சொல்லிக்கொண்டு, மண் கேட்கிறார்.

"அவரு உசுரோட இருக்கிறது தெரிஞ்சேதான் எரிச்சிருக்கீங்க" என்றாள்.

"ஆமாத்தா."

"அப்ப ரைட்டர்கிட்டயும் அதையே சொல்லுங்க."

அடுத்த வாரம் ஒச்சப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்சீப் வீட்டுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கண்ணன் சோலைமுத்து பிஜியில உசுரோட இருக்காரு. இது அவரு மக. எரிச்சது நாங்கதான்." ரைட்டர் முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்றாவதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பேச்சாயி சித்தப்பன் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். சித்தி செம்பு நிறையக் கொண்டுவந்தாள். குடித்தாள்.

ஐப்பசியில் புறப்பாடு. முந்தின நாள் தகரப்பெட்டியில் அவள் ஒவ்வொன்றாக அடுக்குவதை மலைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். சேலைகள், கம்பளிச் சட்டை, நார்த்தங்காய்ச் சாடி. சுருக்குப்பையை எடுத்தாள். பெட்டியில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் அதைத் திரும்பவும் உறியிலேயே வைத்தாள்.

"கொண்டுபோகலையா?"

"அது எங்காத்தாவோடது. அவரு கையில எதுக்குப் படணும்?"

"அப்ப எதுக்குப் போறே? பம்புசெட்டாவது போட்டிருக்கலாம்."

"மண்ணு கேட்டிருக்காருல்ல" என்று சொல்லிவிட்டு, சடையாண்டியிடம் வாங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கிணற்றுப் பக்கம் போவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஆற்றுப் பாதையில் நடந்தாள்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் சடையாண்டி சிலைப் பெட்டியைப் பார்சல் வண்டியில் ஏற்றிவிட்டு வியர்க்க வியர்க்க வந்தார். ஜெய்தூன் பீவி, பெட்டிக் கயிற்றின் முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் வரவில்லை. பேரனிடம் வறுத்த கடலை ஒரு மூட்டை கொடுத்துவிட்டிருந்தார்.

"மதினி, அந்த மண்ணு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார் சடையாண்டி. இந்தத் தடவை அவள் அந்த முறையை மறுக்கவில்லை.

"எடுத்தாச்சு."

"புளியமரத்தடியிலதான?"

"இல்ல. ஆத்தங்கரையில. அவரை எரிச்ச எடத்துல."

சடையாண்டியின் முகம் சுருங்கிப்போனது. "அவரு கேட்டது அது இல்லீங்களே. நெலத்து மண்ணுல்ல கேட்டாரு."

"நெலம் எங்காத்தாவோடது. அகரத்துல அவரு மண்ணு அந்த எடத்துல மட்டுந்தான் இருக்கு. நெத்தியில வச்சுக்கட்டும். ஆனா அதுக்கு முன்னால, யாரு எரிக்கச் சொன்னா, எதுக்குச் சொன்னான்னு முழுக்கக் கேக்கணும். நான் சொல்லுவேன். உங்க சம்சாரமும் பக்கத்துல ஒக்காந்து கேக்கணும். அவளுக்கும் அந்தப் பேருதான."

வண்டி ஊதியது. மலைச்சாமி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். என்னவோ கேட்க நினைத்து, கடைசியில், "எப்பத் திரும்புவே?" என்று மட்டும் கேட்டான்.

"குடுத்துட்டு வாரேன். சித்திரையில பூ கொட்டுறதுக்குள்ள வந்துருவேன்" என்றாள். வண்டி வேகம் எடுத்த பிறகு தலையை வெளியே நீட்டினாள். "நகம் படாமப் பறிக்கச் சொல்லுங்க. கிள்ளுறவளைக் காட்டுக்குள்ள விடாதீங்க."